கோபியிலிருந்து அலுவலக வேலை: வி.பி.என். பிழை 809

கோபிசெட்டிபாளையத்தில் இணைய வேகத்துக்குக் குறையில்லை. தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டிய எங்கள் தோட்டத்து வீடு வரை ஃபைபர் வந்துவிட்டது. அம்மா தடங்கலில்லாமல் யூடியூப் பார்க்கிறார். ஆனால் ஜெர்மனியில் இருக்கும் என் அலுவலகத்தின் வி.பி.என்., அதாவது வெளியிலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான இணைய வழி, மட்டும் அந்த இணைப்பில் ஏற மறுத்தது. விடுமுறையோடு கொஞ்சம் வேலையையும் சுமந்துகொண்டு ஊருக்கு வருகிறவர்கள் நம்மில் பலர். அவர்களுக்காகவே இதை விவரமாக எழுதுகிறேன்.

விண்டோஸ் காட்டியது பிழை 809. எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே தேடுவது என்பதை அதுதான் சொல்கிறது. 691 என்றால் பெரும்பாலும் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 868 என்றால் சர்வரின் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. 809 வந்தால், நமக்கும் சர்வருக்கும் நடுவே ஏதோ ஒரு கருவி வழியை மறிக்கிறது. எங்கள் அலுவலகத்தில் உள்ளது போன்ற ஐ.பி.செக் வகை வி.பி.என்.னுக்கு யு.டி.பி. 500, 4500 ஆகிய இரண்டு போர்ட்டுகளும், அதாவது தரவு போய்வரும் எண்ணிட்ட வாசல்களும், திறந்திருக்க வேண்டும்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டதும் இணைந்துவிட்டது. ஆக, மடிக்கணினியிலும் கோளாறு இல்லை, அலுவலகத்திலும் இல்லை; வீட்டு இணைப்பில்தான் சிக்கல். இதைச் சேவை மையத்தில் சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். வேகம் நன்றாக இருந்ததால் புகாரையே முடித்துவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வேகம் வேறு, வழி திறந்திருப்பது வேறு. அழைப்பை எடுப்பவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டாமா?

காப்பாற்றியவர் எங்களுக்கு ஃபைபர் இழுத்துக் கொடுத்த தம்பி. “அண்ணா, ரூட்டர் ரெண்டு இருக்குதுங்களே” என்றார் வந்தவுடன். கட்டுத்தறி வரை வைஃபை எட்ட வேண்டும் என்று அப்பா வாங்கி மாட்டிய பழைய ரூட்டர், ஃபைபர் பெட்டி ஏற்கெனவே செய்யும் இணைய முகவரி மாற்றத்தை (NAT) அதன் பின்னால் இன்னொரு முறை செய்துகொண்டிருந்தது. அதை வைஃபையை மட்டும் பரப்பும் வெறும் அக்சஸ் பாயிண்டாக மாற்றினார். 809 போய்விட்டது. சேவை மையத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. களத்தில் நிற்பவரின் கண்ணுக்கு உள்ள மதிப்பை நம் ஊரில் இன்னும் யாரும் சம்பளத்தில் காட்டுவதில்லை.

இணைந்த பிறகும் பெரிய கோப்புகள் பாதியில் நின்றன. இதற்குக் காரணம் எம்.டி.யு., அதாவது இணையத்தில் போகும் ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு. வழக்கமான அளவு 1500 பைட்; பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பி.பி.பி.ஓ.ஈ. வகை இணைப்பில் 8 பைட் போய் 1492 ஆகிறது. வி.பி.என். தன் பங்குக்கு மேலும் ஓர் உறையைச் சுற்றுகிறது. பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற குறிப்போடு பிங் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்: எங்கள் வீட்டில் 1472 போகவில்லை, 1464 போனது (பிங்கின் தலைப்புக்கான 28 பைட்டையும் சேர்த்தால் இவை 1500, 1492). வி.பி.என்.னின் எம்.டி.யு.வை 1300 ஆகக் குறைத்ததும் எல்லாம் சீரானது. அலுவலகக் கணினியில் இதை மாற்ற ஐ.டி. பிரிவின் அனுமதி வேண்டும். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அவர்களின் காலை 9 மணிக்காக இங்கே 12.30 வரை காத்திருக்க வேண்டும்.

“வி.பி.என்.னைத் தடை செய்துவிட்டார்களே கண்ணு?” என்று மாமா கவலைப்பட்டார். தடை இல்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ (CERT-In) 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவு, வி.பி.என். சேவை விற்கும் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் வி.பி.என்.னுக்கு அது பொருந்தாது என்று விளக்கமும் தந்திருக்கிறார்கள்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. இந்தியாவிலிருந்து உள்நுழைய அலுவலகம் அனுமதிக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் நாடு வாரியாகவே தடுத்து வைத்திருக்கின்றன. ஓ.டி.பி. வெளிநாட்டு எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறதென்றால், அதை அங்கேயே, கைப்பேசியிலேயே குறியீட்டை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிவிடுங்கள்.