கோச் காலரில் ஒரு குட்டி மைக்: டிஜேஐ மைக் மினி கல்லூரி அணிக்கு உதவுமா?

கல்லூரி விளையாட்டு அணிகளின் பக்கங்களைப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். ஸ்கோர் போஸ்டர், "நாளை ஆட்டம், அனைவரும் வருக" போஸ்டர், ஜெயித்தால் நெருப்பு எமோஜி போட்ட இன்னொரு போஸ்டர், தோற்ற அன்று மௌன விரதம். நான் ஒரு கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணிக்கு இந்த வேலையைப் பார்க்கிறேன், அதாவது வீடியோ எடுப்பது, வெட்டுவது, ஒட்டுவது, போடுவது எல்லாம் ஒரே ஆள். ரசிகர்களை இழுக்க ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் புது கேமராவும் வேண்டாம், போஸ்டர் ஆப்புக்குச் சந்தாவும் வேண்டாம், கோச்சுக்கு ஒரு காலர் மைக் வாங்கிக் கொடுங்கள் என்பேன். நாங்கள் வாங்கியது டிஜேஐ நிறுவனத்தின் மைக் மினி, வயர் இல்லாத குட்டி மைக்.

2024 நவம்பரில் வந்த மாடல். சட்டையில் மாட்டும் டிரான்ஸ்மிட்டர் வெறும் 10 கிராம், கிளிப்பிலும் மாட்டலாம், துணிக்கு உள்ளே ஒரு காந்தத்தை வைத்து வெளியே ஒட்டியும் விடலாம். இந்த எடை விஷயம் விளம்பர வார்த்தை மாதிரி தெரியும், ஆனால் கோச்சுக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் உடம்பில் ஏதோ தொங்குகிறது என்ற நினைப்பு இருக்கும்வரை பேச்சு மேடைப் பேச்சாகவே இருக்கும். எங்கள் கோச்சும் முதலில் கொஞ்ச நேரம் ஆண்டு விழாத் தலைவர் மாதிரிதான் பேசிக்கொண்டிருந்தார். ஒரு சர்வ் வலையில் போய் விழுந்ததும் மைக்கையே மறந்துவிட்டார். அதற்கு முன்னால் பதிவானதை எல்லாம் தயங்காமல் வெட்டி எறிந்தேன்.

அப்படி என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். கேலரியில் இருந்து பார்க்கிறவருக்கு எங்கள் கோச் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிற ஆள். மைக்கில் கேட்டால் மனிதர் ஒரு நொடி வாய் மூடுவதில்லை. எதிரணி சர்வ் போடும் முன்பே "ஷார்ட்டா வரும், ஷார்ட்டா வரும்" என்று தனக்குத்தானே முணுமுணுக்கிறார், பந்து அதேபோல முன்னால் விழுகிறது, லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தைத் தடுத்தெடுப்பதற்கென்றே நிற்பவள், பாய்ந்து எடுக்கிறாள், இவர் மெதுவாக "சொன்னேன்ல" என்கிறார். பக்கத்தில் யாரும் இல்லை, யாரிடம் சொன்னார் என்றே தெரியாது. அந்தத் துண்டு முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை, எங்கள் பக்கத்தில் எந்த வெற்றி போஸ்டருக்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது. ஆட்டத்தின் விதிகூடச் சரியாகத் தெரியாத ஆட்கள் "அடுத்த மேட்ச் எப்போ?" என்று கேட்டார்கள், எனக்கு அதுதான் கணக்கு.

சரி, பொருளுக்கு வருவோம். விசில்தான் என் பெரிய பயம். கழுத்தில் தொங்கும் விசில் வாய்க்குப் போனால் மைக்குக்கு அரை ஜாண் தூரம்கூட இருக்காது. இதில் சத்தம் எகிறும்போது தானாகக் கட்டுப்படுத்தும் வசதி உண்டு, அதனால் ஓரளவு தப்பிக்கிறது, ஆனால் மைக்கைக் காலருக்கு நடுவில் வைக்காமல் தோள் பக்கம் கொஞ்சம் தள்ளி ஒட்டுங்கள், வித்தியாசம் நன்றாகவே தெரியும். இரைச்சல் குறைப்பு இரண்டு நிலைகளில் இருக்கிறது. உள்ளரங்கத்தில் அதை முழுசாக ஏற்றிவிட்டால் ஷூ கிறீச்சிடுவதும் பந்து தரையில் அறைவதும் அமுங்கிப்போய், கோச் ஏதோ குளியலறையில் நின்று கத்துவது மாதிரி ஆகிவிடுகிறது, அந்தச் சத்தங்கள் இல்லாமல் விளையாட்டு வீடியோ எதற்கு? குறைந்த நிலை போதும், பல நாள் நான் அதையும் அணைத்தே வைக்கிறேன். திறந்த மைதானம் என்றால் கூடவே வரும் பஞ்சுத் தொப்பியை மறக்காமல் மாட்டுங்கள், காற்றுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

தூரம் 400 மீட்டர் என்று போட்டிருப்பது நடுவில் எதுவும் குறுக்கே வராத வெட்டவெளிக்கு. கோச் முதுகைக் காட்டித் திரும்பினாலே அவர் உடம்புதான் குறுக்கே நிற்கும் சுவர், அதனால் போனும், சிக்னலை வாங்கி அதற்குக் கொடுக்கும் ரிசீவரும் அவர் எதிர்ப் பக்கம் இருப்பது நல்லது. இதில் முக்கியமான குறை, டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே பதிவு செய்யும் வசதி கிடையாது. சிக்னல் விட்டுப்போனால் அந்த வரி போனதுதான். பெரிய அண்ணனான மைக் 2-இல் 8 ஜிபி உள் நினைவகம் இருக்கிறது, கால்பந்து மாதிரி பெரிய மைதானம் என்றால் கோச் ஓடிக்கொண்டே இருப்பார், அங்கே கூடுதல் காசு கொடுத்து அதை வாங்குவது புத்திசாலித்தனம். உள்ளரங்க ஆட்டங்களுக்கு மினி தாராளம். சார்ஜ் பற்றிக் கவலையே வேண்டாம், டிரான்ஸ்மிட்டர் ஒரு சார்ஜில் 11 மணி நேரத்துக்கு மேல் தாங்கும், எந்தப் பயிற்சியும் அவ்வளவு நீளாது.

மைக் எல்லாவற்றையும் கேட்கும் என்பதுதான் வரமும் வம்பும். வீராங்கனை ஒருத்தி அழுதுகொண்டு பேச வந்தால் கோச் மைக்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட வேண்டும், இது எங்கள் முதல் விதி. யார் குரல் வருகிறதோ அவர்களிடம் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே பதிவேற்றம். வியூகம் பற்றிய பேச்சு அந்த ஆட்டம் முடிகிற வரை வெளியே போகாது, எதிரணியும் நம் ரசிகர்தானே, நம்மைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். நடுவரைப் பற்றிய முணுமுணுப்பு எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும் குப்பைக்குத்தான். அமெரிக்கக் கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை) லேன் கிஃபின், அப்போது ஓல் மிஸ் என்கிற மிசிசிப்பி பல்கலைக்கழக அணியின் கோச், 2020-இல் நடுவர்களைக் குறை சொன்ன ஒரு பதிவைப் பகிர்ந்ததற்கே 25,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார். சொந்தமாக எழுதியதுகூட இல்லை, பகிர்ந்ததுதான்.

எடிட்டிங்கில் ஒன்று மட்டும். சப்டைட்டில் போடாமல் விடாதீர்கள், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் ஏராளம், மைக்குக்குக் கொடுத்த காசு அவர்களிடம் வீண். பின்னணிப் பாட்டையும் விட்டுவிடுங்கள், கோச் மூச்சு வாங்குவது கேட்கட்டும்.

தோற்றால் என்ன செய்வது என்று தயங்குகிற கோச்சுகள் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியைப் பார்க்கலாம். அந்த ஆட்டத்தின் முன்னாள் நட்சத்திரமான கோச் டியான் சாண்டர்ஸின் மகன் நடத்தும் வெல் ஆஃப் மீடியா யூடியூப் சேனலில் லாக்கர் அறைப் பேச்சு, பயிற்சி, தோல்விக்குப் பிறகு விழும் திட்டு எல்லாமே வரும், பெரிய மெருகு எதுவும் இருக்காது. 2023 சீசனை 4 வெற்றி, 8 தோல்வி என்று முடித்த அணி அது, தோல்வி மேல் தோல்வி வந்தபோதும் சேனல் பாட்டுக்கு வீடியோ போட்டுக்கொண்டே இருந்தது. அவர்களிடம் ஒரு நட்சத்திரம் இருக்கிறார், உண்மைதான், ஆனால் தோற்ற மறுநாள் வீடியோ போடுவதற்கு நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை.

வாங்குவது என்றால் இரண்டு டிரான்ஸ்மிட்டரும் சார்ஜிங் பெட்டியும் வரும் செட்டாகவே வாங்குங்கள். ஒன்று கோச்சுக்கு. இன்னொன்றை மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் யாராவது வாயாடிக்கு மாட்டிவிடுங்கள், எங்கள் அணியில் இப்போது கோச்சைவிட அந்தப் பெண்ணுக்குத்தான் ரசிகர்கள் அதிகம், கோச்சுக்கு அதில் லேசாக வருத்தம்கூட உண்டு.