மலிவு விலை லொஜிக் அனலைசர்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வீட்டிலிருந்தே தோட்டக் கிணற்று மோட்டர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து கொடுக்கிறேன். உள்ளே ஈஎஸ்பி32 அல்லது எஸ்டிஎம்32 என்ற கன்ட்ரோலர் சிப், நிரல் எல்லாம் சி மொழியில். இந்த வேலைக்கு வரும் பொடியள் முதலில் என்ன வாங்குவது என்று கேட்டால், 8 சனல், 24 மெகாஹேர்ட்ஸ் யூஎஸ்பி லொஜிக் அனலைசர் என்றுதான் சொல்வேன். வயர்களில் ஓடும் 0, 1 சிக்னல்களைப் பதிந்து லப்டொப் திரையில் காட்டும் சின்னக் கருவி அது. நல்ல மல்டிமீற்றரை விட விலை குறைவு. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோதும் லப்டொப் பற்றரியிலேயே வேலை செய்து தந்தது.

பிழை தேட எல்லாரும் முதலில் நிரலிலிருந்து சீரியல் வயர் வழியே கணினித் திரைக்கு ஒரு வரி அச்சிட்டுப் பார்ப்பார்கள். விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய 87 மைக்ரோசெக்கன், 20 எழுத்து வரி என்றால் 1.7 மில்லிசெக்கன், அந்தத் தாமதத்திலேயே தேடிய பிழை காணாமல் போய்விடும். அதற்குப் பதிலாக, சிப்பில் சும்மா கிடக்கும் ஒரு பின்னை, இன்டரப்ட் (ஓடும் நிரலை இடைநிறுத்தி அவசரமாக ஓடும் துண்டு நிரல்) தொடங்கும்போது உயர்த்தி முடியும்போது இறக்கினால், அது எடுத்த நேரத்தைத் திரையில் அப்படியே அளந்துவிடலாம்.

நீர்வேலியில் ஒரு வாழைத் தோட்டம். மோட்டர் போடும்போது சில வேளை அழுத்த சென்சர் வாசிப்பு நின்றுவிடும். ரீசெட் பட்டனை அழுத்தினாலும் வராது, மின்சாரத்தை முழுதாக நிறுத்திப் போட்டால் மட்டும் வரும். சென்சரையும் கன்ட்ரோலரையும் இணைக்கும் ஐ2சி வயர்கள் இரண்டிலும் அனலைசரின் கிளிப்பை மாட்டிப் பார்த்தால், துடிப்பு ஓடும் எஸ்சிஎல் மேலே நிற்கிறது, தரவு ஓடும் எஸ்டிஏ கீழேயே கிடக்கிறது. மோட்டர் இழுத்த இழுவையில் மின்னழுத்தம் விழுந்து, சென்சர் ஒரு பைட்டை அனுப்பிக் கொண்டிருந்த நடுவில் கன்ட்ரோலர் மட்டும் ரீசெட் ஆகிவிட்டது. சென்சரோ 0 பிட்டைப் பிடித்தபடி அடுத்த துடிப்புக்குக் காத்து நிற்கிறது. தொடங்கும்போதே எஸ்சிஎல்லில் 9 துடிப்பு கொடுத்து, பேச்சு முடிந்தது என்று சொல்லும் ஒரு ஸ்டொப் சிக்னல் அனுப்பச் சில வரிகள் சேர்த்தேன், சரியாகிவிட்டது. எந்த பிட்டில் நின்றது என்று மல்டிமீற்றர் ஒருநாளும் காட்டாது.

பதிந்ததைத் திரையில் காட்டும் பல்ஸ்வியூ மென்பொருள் இலவசம், சிப்புகளும் கருவிகளும் பேசும் யூஆர்ட், எஸ்பிஐ, மொட்பஸ் போன்ற முறைகளை எல்லாம் பிரித்து வாசிக்கும். விண்டோஸ் என்றால் சாடிக் (Zadig) என்ற மென்பொருளால் ட்ரைவரை மாற்ற வேண்டும், புதியவர்கள் திணறும் இடம் அதுதான்.

குறைகளும் உண்டு. வேகமான எஸ்பிஐ திரைகளுக்கு 24 மெகாஹேர்ட்ஸ் காணாது. உள்ளே நினைவகம் இல்லாததால் எல்லாம் யூஎஸ்பி வழியே ஓட வேண்டும், மலிவான ஹப்பில் செருகினால் பதிவு இடையில் அறுந்துவிடும். அப்புறம், இது 0, 1 மட்டுமே காட்டும். நீண்ட வயரில் சிக்னல் மெதுவாக ஏறினாலும் திரையில் சுத்தமான சதுரமாகத் தெரியும், அதற்கு ஒசிலோஸ்கோப்தான் வேண்டும். கூட வந்த வயர்களின் முனைகள் நம்மூர் உப்புக் காற்றில் கறுத்துப் போயின, கொக்கிக் கிளிப் தனியாக வாங்கிக் கொள்ளுங்கள்.

5 வோல்ட்டுக்கு மேல் எதிலும் மாட்டாதீர்கள். ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் கப்பாசிட்டர் வழியே 230 வோல்ட்டிலிருந்து நேரே சப்ளை எடுக்கும் போர்டுகளில் மிகவும் கவனம் வேண்டும். அதன் கிரவுண்டில் கிளிப்பைப் போட்டால் லப்டொப் மட்டுமல்ல, தொடுகிற ஆளுக்கும் ஆபத்து. அப்படிப் போர்டு வந்தால் மெயின்ஸைக் கழற்றிவிட்டு, 3.3 வோல்ட்டைத் தனி சப்ளையில் கொடுத்த பிறகுதான் நான் கிளிப்பையே எடுப்பேன்.