பெலின்சோனா போறீங்களெண்டா கோட்டையோட நிக்காதேங்கோ, மதிலில நடந்து பாருங்கோ

போன சனிக்கிழமை அம்மாவையும் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு சுவிஸின்ர தெற்கில டிச்சினோ மாநிலத்தில இருக்கிற பெலின்சோனாவுக்குப் போட்டு வந்தனாங்கள். லுகானோவுக்குப் போகேக்க எத்தினையோ தரம் அந்த ஸ்டேசனைத் தாண்டியிருக்கிறம், ஜன்னலால பாத்து "அங்க பார் கோட்டை" எண்டு பிள்ளையளுக்குக் காட்டிப்போட்டுப் போறதுதான், ஒருநாளும் இறங்கினதில்லை. இறங்காம விட்டது எவ்வளவு பிழை எண்டு இப்பதான் விளங்குது.

சூரிச்சில இருந்து போறவைக்கு ஒண்டு சொல்லோணும். 57 கிலோமீட்டர் நீளமான கோத்தார்ட் சுரங்கத்துக்குள்ள எர்ஸ்ட்ஃபெல்டில புகுந்து போடியோவில வெளிய வாறம், போனில ஒரு வீடியோ பாத்து முடிய முதல் மலையைத் தாண்டியாச்சு. 2016க்கு முதல் இந்தச் சுரங்கம் இல்லை, அந்தக் காலத்துப் படையளுக்கு எந்தச் சுரங்கமும் இல்லை, 2106 மீட்டர் உயரத்தில கிடக்கிற கணவாயை ஏறி இறங்கித்தான் டிச்சினோ ஆத்துப் பள்ளத்தாக்குக்கு வரோணும். கோத்தார்ட் மட்டுமில்லை, சான் பெர்னார்தினோ, லுக்மானியர் கணவாயளால இறங்கிற பாதையளும் கடைசியில இந்த ஊரிலதான் வந்து சேருது. பள்ளத்தாக்கு ஒடுங்கி வாற இடத்தில நட்டநடுவில ஒரு பெரிய கற்பாறை நிக்குது. அந்தப் பாறைக்கு மேலதான் ஊரில இருக்கிற மூண்டு கோட்டையில ஒண்டான கஸ்டெல்கிராண்டே. ரோமர் காலத்திலயே அதில கோட்டை இருந்திருக்கு, பாறையைப் பாத்த உடனயே ஏனெண்டு விளங்கும்.

அம்மாவுக்கு முழங்கால் நோ. அதுதான் எனக்குப் பெரிய யோசினையா இருந்தது, ஆனா பியாற்சா டெல் சோலே எண்ட சதுக்கத்தில பாறையிலயே ஒரு வெடிப்பு மாதிரி வாசல் வைச்சிருக்கினம், அதுக்குள்ளால நடந்து போனா லிப்ட். ஔரேலியோ கல்ஃபெற்றி எண்ட கட்டிடக் கலைஞர் செய்த வேலை. இரண்டு பக்கமும் கொங்கிரீட், வெளியில வெயில் கொளுத்துது உள்ளுக்கை குளுகுளு எண்டு கிடக்கு, அம்மா சுவரைக் கையால தடவிக்கொண்டே வந்தவா. வயது போனவையோட போறவை யோசிக்காமப் போகலாம், கஸ்டெல்கிராண்டே வரைக்கும் ஒரு படியும் ஏறாமப் போய்ச் சேரலாம்.

மேல புல்வெளி, கறுப்புக் கோபுரம் வெள்ளைக் கோபுரம் எண்டு இரண்டு கோபுரம், சுவர் உச்சியெல்லாம் நடுவில வெட்டின மீன்வால் மாதிரிப் பல்லுப்பல்லா நிக்குது. எல்லாரும் அதோட நிண்டு படம் எடுத்துப்போட்டு மியூசியத்தையும் பாத்துட்டு இறங்கீடுகினம். தயவுசெய்து அப்பிடி இறங்காதேங்கோ. மேற்குப் பக்கமாப் போற நீட்டு மதில் இருக்கு, முராட்டா எண்டு பேர், அதுதான் இந்த ஊரின்ர உயிர். பாறையில இருந்து ஆத்தை நோக்கிப் போய்ப் பள்ளத்தாக்கையே குறுக்க மறிக்கக் கட்டின மதில். கிழக்குப் பக்கத்தை மொன்டெபெல்லோ கோட்டையும் நகர மதிலும் அடைச்சிடும். அப்ப வடக்கால வாறவன் படையா இருந்தாலும் சரி கோவேறு கழுதையில சாமான் ஏத்தி வாற யாவாரியா இருந்தாலும் சரி இந்த வாசலாலதான் போகோணும், யாவாரி எண்டா வரி கட்டோணும். அம்மா கொஞ்ச நேரம் இரண்டு பக்க மலையையும் மாறிமாறிப் பாத்துப்போட்டு "இது எங்கட ஆனையிறவு மாதிரியெல்லோ" எண்டு சொன்னவா. அதுக்குப் பிறகு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்லை.

மதிலுக்கு உள்ளாலயும் நடக்கலாம் மேலாலயும் நடக்கலாம். உள்ளால நடவுங்கோ முதல். ஒடுங்கின இருட்டு நடைபாதை, பக்கத்தில அம்பு விடுற துவாரங்கள். உள்பக்கம் அகலமா இருக்கும், வெளிப்பக்கம் கை போறளவு இடுக்கு. சின்னவன் அதுக்குள்ள தலையை வைச்சுப் பாத்திட்டு "அப்பா எனக்கு ரோட்டு முழுக்கத் தெரியுது" எண்டான், பிறகு நான் அவனை வெளியில கூட்டிக்கொண்டு போய் அதே துவாரத்தைக் காட்டினன், கறுப்புக் கோடு ஒண்டைத் தவிர ஒண்டும் தெரியேல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கோட்டை எண்டா என்ன எண்டு விளங்கப்படுத்த இதைவிட ஒண்டும் தேவையில்லை.

வரலாறு கொஞ்சம் தெரிஞ்சுகொண்டு போங்கோ, அப்பதான் ருசி. இதுகளை இப்ப நிக்கிற வடிவுக்குக் கொண்டு வந்தது சுவிஸ்காரர் இல்லை, மிலான் பிரபுக்கள், அதுவும் சுவிஸ்காரருக்குப் பயந்து கட்டினது. 1478 டிசம்பரில ஜோர்னிகோவில மிலானின்ர பெரிய படையை ஒரு சின்னச் சுவிஸ்காரக் கூட்டம் மலையில இருந்து பாறாங்கல்லு உருட்டி அடிச்சுக் கலைச்சவை. அந்தப் பயத்தில அடுத்த வருசமே மூண்டாவது கோட்டை, சாசோ கோர்பாரோ, ஆறே மாசத்தில எழும்பியிட்டுது. ஊரில இருந்து 230 மீட்டர் உயரத்தில கிடக்கு, அங்க நிண்டு கீழ பாத்தாத்தான் மற்ற இரண்டு கோட்டையும் மதிலும் எப்பிடி ஒண்டோடொண்டு பூட்டுப்போட்ட மாதிரிக் கிடக்கு எண்டு தெரியும். இவ்வளவு கட்டியும் 1500 இல ஊர்ச்சனமே, மிலானைப் பிடிச்சு இங்கயும் வந்திருந்த பிரெஞ்சுக்காரரைக் கலைச்சுப்போட்டுச் சுவிஸ் பக்கம் போயிட்டுது. பிறகு ஊரி, ஷ்வீற்ஸ், உன்டர்வால்டன் எண்ட மூண்டு சுவிஸ் மாநிலமும் ஆளுக்கொரு கோட்டையை எடுத்துக்கொண்டிச்சினம். 2000 இல யுனெஸ்கோ பட்டியலில சேத்தது மூண்டு கோட்டையோட இந்த மதிலையும் சேத்துத்தான்.

மொன்டெபெல்லோவுக்கு நடந்து ஏறலாம், கல்லுப் பதிச்ச செங்குத்துப் பாதை, நல்ல சப்பாத்து போடுங்கோ. தூக்குப்பாலம், உள்மதில் வெளிமதில் எண்டு பிள்ளையளுக்கு மூண்டிலயும் அதுதான் பிடிச்சது. சாசோ கோர்பாரோவுக்கு நாங்கள் காரில போகாததால அம்மாவை ஏத்தேல்லை, அவவும் மனிசியும் கீழ இருக்க நானும் பிள்ளையளும்தான் ஏறினனாங்கள், மூண்டு கோட்டை மியூசியத்துக்கும் சேத்து ஒரு பாஸ் இருக்கு, அதை எடுங்கோ. குளிர்காலத்தில எல்லாம் முழுநேரம் திறந்திருக்காது, போக முதல் நேரத்தைப் பாருங்கோ.

சாப்பாடு பற்றி: சனிக்கிழமை எண்டா பழைய நகரத்துக்குள்ள சந்தை போடுவினம், சீஸ், பாண், பொலெந்தா எண்ட சோளமாக் களி, சுடச்சுட சோசேஜ் எல்லாம் கிடைக்கும். நாங்கள் அதை விட்டிட்டு ஒரு கடையில போய் இருந்து மரக்கறி ரிசோட்டோ (சாறு விட்டு அவிக்கிற இத்தாலியச் சோறு) எண்டு கேட்டு இறைச்சிச் சாற்றில அவிச்சது வந்து அம்மா சாப்பிடாமலே எழும்பினவா, எனக்குச் சரியான கவலை. மரக்கறிக்காரர் ஓடர் குடுக்கேக்க சாறு என்ன எண்டு கட்டாயம் கேளுங்கோ.

பின்னேரம் திரும்ப முராட்டாவுக்கே வந்தனாங்கள், இந்தமுறை அம்மாவையும் மெல்லமெல்லக் கூட்டிக்கொண்டு. ஒருகாலம் இந்த மதில் ஆறு வரைக்கும் போய் அங்க ஒரு பாலத்தோட முடிஞ்சது. 1513 இல பியாஸ்காவுக்குப் பக்கத்தில மலை சரிஞ்சு டிச்சினோவில வந்து விழுற பிரென்னோ ஆத்தை மறிச்சு ஏரியாகி, 1515 இல அது உடைச்சுக்கொண்டு வந்து பாலத்தையும் மதிலின்ர துண்டையும் அள்ளிக்கொண்டு போயிட்டுது. மதில் முடியிற இடத்தில நிண்டு பாத்தா அங்கால மரமும் ரோட்டும்தான். அம்மா அந்தக் கடைசிக் கல்லில குந்தியிருந்து தண்ணிப் போத்திலைத் திறந்து எங்கள் எல்லாருக்கும் குடுத்தவா, ட்ரெயினுக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

என்ர மதிப்பெண் ஐஞ்சுக்கு ஐஞ்சு. அடுத்தமுறை கமோரினோ பக்கம் இருக்கிற வட்டக் கோபுரங்களைப் பாக்கோணும், 1853 இல ஆஸ்திரியா டிச்சினோச் சனத்தை அப்ப தன்ர கையில இருந்த லொம்பார்டியில இருந்து திருப்பிக் கலைச்சு எல்லையையும் பூட்டினாப் பிறகு வேலையில்லாமப் பட்டினி கிடந்த ஆக்களுக்குக் கூலி குடுக்க எண்டும் சேத்துக் கட்டினது, பட்டினிக் கோட்டையள் எண்டுதான் இண்டைக்கும் பேர்.