100 விமன் ஹூ கேர்: பொருளாளரே இல்லாத கொடை வட்டம்

பத்துப் பேர் கூடி ஊருக்கு ஏதாவது செய்யலாம் என்று கிளம்பினால், பணம் யார் கையில் இருப்பது என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழும். பல குழுக்கள் அதைத் தாண்டுவதே இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவியிருக்கும் ‘100 விமன் ஹூ கேர்’ (அக்கறையுள்ள நூறு பெண்கள்) கொடை வட்டம் அந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. குழுவின் பெயரில் வசூல் இல்லை. பல கிளைகளுக்கு வங்கிக் கணக்குகூடக் கிடையாது. தேர்வான தொண்டு நிறுவனத்தின் பெயருக்கே ஒவ்வோர் உறுப்பினரும் நேரடியாகச் செக் எழுதிவிடுகிறார். நூறு பேர், ஆளுக்கு நூறு டாலர், ஒரு மணி நேரம். பத்தாயிரம் டாலர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடும்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எளிமைக்கு ஐந்துக்கு ஐந்து. தேர்வின் தரத்துக்கு மூன்று. உள்ளூர்ப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் உதவ வேண்டும் என்றே சேருபவர்களுக்கு, கிளையின் விதியில் அது எழுதப்பட்டிருந்தால் நான்கு, இல்லையென்றால் இரண்டுதான்.

இது தொடங்கியது 2006-இல், மிச்சிகன் மாநிலத்தின் ஜாக்சன் நகரில். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் ஏழைத் தாய்மார் சிலரிடம் குழந்தையைக் கிடத்தத் தொட்டில்கூட இல்லை. பெரியவர்களோடு ஒரே படுக்கையில் கிடத்தினால் பச்சைக் குழந்தைக்கு மூச்சடைக்கும் அபாயம் உண்டு. மடக்குத் தொட்டில்கள் வாங்க அந்த ஊர் சுகாதார மையத்துக்குப் பத்தாயிரம் டாலர் தேவைப்பட்டது. பத்தாயிரம் தரக்கூடிய ஒருவரைத் தேடி அலைவதைவிட நூறு தரக்கூடிய நூறு பேரைக் கூப்பிடுவது சுலபம் என்று கணக்குப் போட்டவர் கேரன் டனிகன். முதல் கூட்டத்தின் ஒரு மணி நேரத்தில் 12,800 டாலர் சேர்ந்தது. இன்று நூற்றுக்கணக்கான கிளைகள் இருக்கின்றன. ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்கூட இதே பாணியில் வட்டங்கள் வந்துவிட்டன.

கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. உள்ளே வரும்போதே, விருப்பமுள்ள உறுப்பினர்கள் ஆளுக்கொரு உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். குலுக்கி மூன்று சீட்டு எடுக்கிறார்கள். பெயர் எழுதியவரே எழுந்து ஐந்து நிமிடம் பேச வேண்டும். அதன்பின் ஐந்து நிமிடம் கேள்விகள். பேசுகிறவர் உறுப்பினராக இருக்க வேண்டும், முந்தைய தவணைகளில் பாக்கி வைத்திருக்கக் கூடாது. பிறகு ரகசிய வாக்கெடுப்பு. அதிக வாக்கு வாங்கிய நிறுவனத்துக்கு எல்லோரும் தர வேண்டும், எதிர்த்து வாக்களித்தவரும்தான். இந்த ஒரு விதி தளர்ந்தால் முறை மொத்தமும் சரிந்துவிடும். “எனக்குப் பிடிக்கவில்லை, இந்தத் தடவை வேண்டாம்” என்று ஒருவரை விட்டால், அடுத்த கூட்டத்தில் பதினைந்து பேர் அதையே சொல்வார்கள்.

வராதவர்களும் செக் அனுப்ப வேண்டும். நூறு டாலர் பாரமாக இருந்தால் நான்கு பேர் ஆளுக்கு 25 டாலர் போட்டு ஓர் அணியாகச் சேர அனுமதிக்கும் கிளைகள் உண்டு. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கு. வென்ற நிறுவனம் அடுத்த கூட்டத்துக்கு வந்து பணம் எப்படிச் செலவானது என்று சொல்லும். அதை மறுபடி முன்மொழிய இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று பல கிளைகள் வைத்திருக்கின்றன. உறுப்பினர்களின் முகவரியை வைத்துக்கொண்டு தனித்தனியாக நன்கொடை கேட்டு நச்சரிக்க மாட்டோம் என்ற ஒப்புதலையும் நிறுவனத்திடம் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். இந்த ஒப்புதலை வாங்க மறந்தால் உறுப்பினர்கள் நழுவத் தொடங்கலாம்.

இதெல்லாம் காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில் முதல் சறுக்கல் வருகைப் பதிவில். சேர்ந்தவர்கள் நூறு, வந்தவர்கள் நாற்பது என்றால், மீதி அறுபது செக்கை வரவழைப்பது பெரிய வேலை. பொருளாளர் இல்லாத குழுவில் அந்த வேலை அமைப்பாளர் தலையில் விழும். கூட்டம் முடிந்த அன்றிரவே வென்ற நிறுவனத்தின் பெயர், செக் அனுப்பும் முகவரி, இணையத்தில் கட்டும் சுட்டி, கடைசித் தேதி நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் சூடு ஆறிவிடும். இணையத்தில் கட்டுபவர்கள் குழுவின் பெயரைக் குறிப்பில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பணம் பொது நன்கொடையில் கலந்துவிடும், யார் தந்தார் யார் தரவில்லை என்று கடைசிவரை தெரியாது. அட்டை வழியாக வரும் பணத்தில் கட்டணம் பிடிப்பார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ரசீது விஷயம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 250 டாலருக்குக் கீழான நன்கொடைக்கு வங்கிப் பதிவே வரிக் கணக்குக்குப் போதும். 250-உம் அதற்கு மேலும் தந்தால்தான் நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புகை வேண்டும். எப்படியானாலும் அது வரிச்சலுகைக்குத் தகுதி தரும் 501(சி)(3) போன்ற சட்டப் பிரிவில் வரும் நிறுவனமாக இருக்க வேண்டும். கனடாவில் வரிச்சலுகைக்கு அதிகாரபூர்வ ரசீது தேவை, அதில் கொடுத்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஒரே ஒரு அலுவலக ஊழியரோடு நடக்கும் பெண்கள் காப்பகத்துக்கு ஒரே நாளில் நூறு ரசீது எழுதும் வேலை வந்து விழுந்தால் அந்த ஊழியர் திணறிப்போவார். செக்குகளோடு பெயர், முகவரி, மின்னஞ்சல் பட்டியலையும் தட்டச்சு செய்து கொடுப்பதுதான் மரியாதை.

இரண்டாவது சறுக்கல் இதைவிட ஆழமானது. ஐந்து நிமிடப் பேச்சில் ஜெயிப்பது பேச்சு. நாக்கில் தேன் தடவியவர் முன்மொழிந்த பெரிய நிறுவனம் வெல்லும்; நிஜத்தில் தேவையுள்ள சிறிய இடத்துக்காகத் தயங்கித் தயங்கிப் பேசியவர் தோற்பார். தோற்ற இருவருக்கும் ஒரு காசு கிடையாது. சில கிளைகள் உள்ளூர்க் கடைக்காரர்களிடம் பேசி இரண்டாம், மூன்றாம் இடத்துக்குச் சிறு தொகை வாங்கித் தருகின்றன. அது ஆறுதல்தான், தீர்வு இல்லை. பேசும் மூவரும் நான்கு விஷயங்களை எண்ணாகவே சொல்ல வேண்டும் என்று விதி வைப்பதே சரி: நிறுவனத்தின் ஆண்டு வரவு செலவு, இந்தப் பத்தாயிரத்தில் என்ன வாங்கப் போகிறார்கள், எத்தனை பேருக்குப் பயன்படும், எந்த மாதத்துக்குள் முடியும். பத்துக் கோடி டாலர் புழங்கும் மருத்துவமனை அறக்கட்டளைக்கு நம் பத்தாயிரம் கடலில் கரைத்த பெருங்காயம். மூன்று அறை உள்ள காப்பகத்துக்கு அது ஓராண்டு நிம்மதி.

மூன்றாவதுதான் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் நேரடியாக உறைக்கும் விஷயம். ‘விமன்’ என்று பெயரில் இருப்பது கொடுப்பவர்களைத்தான் குறிக்கிறது, பெறுபவர்களை அல்ல. நூலகமும் வெல்லலாம், நாய்க் காப்பகமும் வெல்லலாம். பெண்கள் கொடுக்கும் பணம் பெண்களுக்குத்தான் போகும் என்று எண்ணிச் சேருபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் முதன்முதலாக எண்ணிப் பார்த்தபோது, அமெரிக்காவின் மொத்த நன்கொடையில் பெண்கள், சிறுமிகளுக்கான அமைப்புகளுக்குப் போனது 1.6 சதவீதம்தான். ஆகவே புதிதாகக் கிளை தொடங்குபவர்கள் முதல் நாளே விதியில் எழுதிவிடட்டும். ஆண்டின் நான்கு கூட்டங்களில் இரண்டையாவது இந்த நோக்கத்துக்கு ஒதுக்கலாம். பாதியில் விதியை மாற்றப் போனால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முகம் சுளிப்பார்கள்.

அப்படி ஒதுக்கினாலும் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பெண்களுக்கான சேவைகளில் பெரும்பங்குச் செலவு ஆட்களுக்குத்தான்: ஆலோசகர், இரவுக் காவல், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர். ஒரே தடவை வரும் பத்தாயிரம் டாலரை நம்பி ஆலோசகரை நியமித்தால் சில மாதங்களில் அவரை அனுப்ப வேண்டிவரும். நம்பிப் பேசத் தொடங்கிய பெண்கள் நட்டாற்றில் நிற்பார்கள். இந்த வட்டம் பொருளுக்கு ஏற்றது: தொட்டில், துணி துவைக்கும் இயந்திரம், கதவுப் பூட்டுகளும் கேமராவும், ஒரு பழைய வேன், தையல் இயந்திரங்கள். ஆள் செலவுக்குத் தரத்தான் வேண்டும் என்றால், தொடக்கமும் முடிவும் உள்ள வேலைக்குத் தரலாம். பத்து வாரப் பயிற்சி வகுப்பு, ஒரு கோடைக்கால முகாம் மாதிரி.

காப்பகத்தை முன்மொழியும்போது வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள் தங்கும் இடத்தின் முகவரி பல ஊர்களில் ரகசியம். உற்சாகத்தில் மேடையில் தெருப் பெயரைச் சொல்லிவிடுவதும், பெரிய அட்டைச் செக்கோடு வாசலில் நின்று படமெடுத்து முகநூலில் போடுவதும் நடக்கக்கூடிய விஷயங்கள். படம் எடுக்க வேண்டுமானால் நிர்வாக அலுவலகத்தில் எடுங்கள். ஒரு பெண்ணின் கதையைச் சொல்லி வாக்குக் கேட்கும்போதும் அவள் வேலை, குழந்தைகளின் எண்ணிக்கை, சொந்த ஊர் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பெயர் சொல்லத் தேவையே இல்லை, சின்ன ஊரில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இதோடு ஒப்பிட வேண்டிய இன்னொரு முறை ‘இம்பேக்ட்100’. 2001-இல் சின்சினாட்டியில் வெண்டி ஸ்டீல் தொடங்கினார். அங்கே ஆளுக்கு ஆண்டுக்கு 1,000 டாலர். நூறு பேர் சேர்ந்தால் ஒரு லட்சம் டாலர் ஒரே நிறுவனத்துக்கு. பணம் குழுவிடமே வந்து சேர்கிறது, ஆகவே பதிவு, கணக்கு, தணிக்கை எல்லாம் உண்டு. கலை, கல்வி, சுற்றுச்சூழல், குடும்பம், உடல்நலம் என ஐந்து பிரிவுகளில் விண்ணப்பம் வாங்கி, உறுப்பினர் குழுக்கள் கணக்குகளைப் புரட்டி, நேரில் போய்ப் பார்த்து, இறுதிக்கு வந்தவர்களை ஆண்டுக் கூட்டத்தில் வாக்குக்கு விடுகிறார்கள். தேர்வின் தரத்தில் 100 விமன் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும், ஆயிரம் டாலரும் வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழும் ஆசிரியைக்கும் செவிலிக்கும் அது எட்டாது. நேரமும் வசதியும் உள்ளவர்களுக்கு இம்பேக்ட்100, இரண்டும் குறைந்தவர்களுக்கு 100 விமன் என்பதே எங்கள் பரிந்துரை. பெண்கள் என்ற நோக்கத்தை எழுதி வைக்கும் தேவை இரண்டிலும் ஒன்றுதான்.

இதே முறையை மதுரையிலோ திருச்சியிலோ தொடங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய், நூறு பேர், ஒரு தவணைக்கு ஒரு லட்சம் என்பது கைக்கு அடக்கமான அளவு. பெரும்பாலோர் செய்யும் தவறு, ஒருவருடைய யுபிஐ எண்ணுக்கு எல்லோரும் அனுப்பி, அவர் மொத்தமாகக் கட்டுவது. அப்போது நன்கொடைச் சான்றிதழ் அவர் ஒருவர் பெயரில்தான் வரும்; அவர் கணக்கில் வந்த ஒரு லட்சத்துக்கு வருமான வரித்துறை கேட்டால் அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும். இந்த முறையின் உயிரே பணம் நடுவில் யார் கையிலும் நிற்காமல் போவதுதான். தேர்வான டிரஸ்டின் வங்கிக் கணக்குக்கே ஒவ்வொருவரும் அனுப்பி, பான் எண்ணையும் கொடுத்துவிடுங்கள். நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா என்று முன்மொழியும்போதே பார்க்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு 80ஜி சலுகையே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மார்ச் மாதத்து மனக்கசப்பு மிச்சம்.

எதற்குக் கொடுப்பது என்பதில் அரசு ஏற்கெனவே தருவதை முதலில் கழித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் இலவச சைக்கிள் உண்டு; சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை; அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இவற்றுக்கே மறுபடி பணம் திரட்டுவது வீண். இடைவெளிகள் வேறு இடத்தில் இருக்கின்றன: உதவித்தொகை கைக்கு வருமுன் கட்ட வேண்டிய விடுதி முன்பணம், கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு, பள்ளிக் கழிப்பறையின் தண்ணீர்க் குழாயும் தாழ்ப்பாளும். கடைசியாகச் சொன்னதை யாரும் மேடையில் உருக்கமாகப் பேச மாட்டார்கள், வாக்கும் விழாது. ஆனால் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே பள்ளிக்கு வரும் பெண் பிள்ளைகளைப் பற்றி எந்த ஆசிரியையைக் கேட்டாலும் சொல்வார்.

டொராண்டோவிலோ நியூஜெர்சியிலோ வட்டம் நடத்திக்கொண்டு ஊரில் உள்ள டிரஸ்டுக்கு அனுப்ப நினைக்கும் தமிழர்கள் ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை பெற்றவரோ ஓசிஐ அட்டைக்காரரோ (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமகன்) அனுப்பினால் ஆகும். அப்படி வாங்க அந்த டிரஸ்டுக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று ஒரு கணக்கும் இருக்க வேண்டும். 2020-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பதிவுள்ள பெரிய நிறுவனம் வாங்கிச் சிறிய நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதும் முடியாது. ஒரே வட்டத்தில் இரு வகை உறுப்பினர்களும் இருந்தால் எஃப்சிஆர்ஏ உள்ள நிறுவனங்களை மட்டும் முன்மொழிவதே பாதுகாப்பு. நேரடியாக அனுப்பிய அந்தப் பணத்துக்குக் கனடாவில் வரி ரசீதும் கிடைக்காது. மூன்று கூட்டம் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் உள்ள பெண்கள் காப்பகங்களுக்கு, ஒரு கூட்டம் ஊருக்கு என்று ஆண்டின் தொடக்கத்திலேயே பிரித்து அறிவித்துவிட்டால், யார் எந்தத் தவணைக்கு ரசீது எதிர்பார்க்கலாம் என்பதில் குழப்பம் இருக்காது.