பெர்மிட் கார்டோடு வரும் ‘பாதுகாப்பு செட்’: பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கம் உள்ளவர்கள் கவனம்

கோயில் மண்டபத்திலோ தாமான் (குடியிருப்பு) பாலாய் ராயா என்கிற பொது மண்டபத்திலோ ஒருவர் நீலப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, “அக்கா, இது கையில இருந்தா ராத்திரி ஷிப்டுக்குப் பயமே வேணாம்” என்று ஆரம்பித்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். காசு போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரிவதே ஒரு வம்பு. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் எங்கள் பாடாங் செராயைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் பால்மரம், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்ட லயத்தில் இருந்தவர்கள் தாமானுக்கு வந்துவிட்டார்கள். 1996-இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க் பக்கத்திலேயே இருப்பதால் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் ஷிப்ட் வேலை. விடிவதற்கு முன்னால் முச்சந்தியில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் பெண்களை இங்கே தினமும் பார்க்கலாம். தெருவிளக்கு பாதி எரியும், பாதி எரியாது. பை பறிப்பு, சங்கிலி பறிப்புக் கதை எல்லா வீட்டிலும் ஒன்றாவது உண்டு. ஆக, பயம் என்னவோ நிஜமான பயம்தான். எங்களிடம் அந்தப் பெட்டியை விற்க வந்த மனிதர் முதல் போட்டது அந்தப் பயத்தை வைத்துத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் மைக் பிடித்தார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் டேக், நல்ல தமிழ். முதலில் போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினார். மோட்டாரில் வந்த இரண்டு பேர் ஒரு அம்மாவைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். “நம்ம கெடாவுலதான், போன மாசம்” என்றார். அந்த வீடியோவில் கார்கள் வலது பக்கமாக ஓடுகின்றன என்பதைப் பிறகு என் அக்கா மகன்தான் கவனித்துச் சொன்னான். நம் நாட்டில் என்றைக்கு வண்டி வலது பக்கம் ஓடியது?

அப்புறம் விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் ஒரு டார்ச்லைட்டை அழுத்த, அதன் முனையில் நீல நிறத்தில் பொறி பறந்தது. சின்னப் பிள்ளைகள் கத்தின. பெண்கள் கைதட்டினார்கள். அதோடு வியாபாரம் முடிந்த மாதிரிதான். ஒரு செட் 280 வெள்ளி (ரிங்கிட்). 100 வெள்ளி முன்பணம், மீதி இரண்டு தவணை. மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் உங்கள் செட்டுக்கு மீதிக் காசு கட்ட வேண்டாம். பெட்டிக்குள் ஷாக் டார்ச், மிளகாய் ஸ்பிரே, இழுத்தால் அலறும் அலாரம், பூனை முகம் போட்ட இரும்புச் சாவிக்கொத்து. எல்லாவற்றுக்கும் மேலே, லேமினேட் செய்த ஒரு கார்டு. உங்கள் பெயர், ஐ.சி. எண், மேலே போலீஸ் சின்னம் மாதிரி ஒன்று, கீழே ‘பெர்மிட்’ என்று அச்சு. “ரோட்பிளாக்ல நிறுத்தினா இதக் காட்டுங்க, சல்யூட் அடிச்சு அனுப்புவாங்க” என்றார்.

மகளுக்கு இரவு ஷிப்ட் என்பதால் நான் ஒன்று வாங்கினேன். என் நாத்தனார் இரண்டு வாங்கினாள்.

வீட்டில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொன்றாகச் சாயம் வெளுத்தது. ஸ்பிரேயைக் கொல்லைப்புறத்தில் வாழைமரத்தைப் பார்த்து அழுத்தினேன். பீய்ச்சவில்லை. மூக்கிலிருந்து வழிந்து என் மணிக்கட்டு வரை ஓடியது. பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் சிவப்பாக மண்டி, மேலே தெளிந்த தண்ணீர். லேபிளை நகத்தால் சுரண்டியதும் உள்ளே இன்னொரு லேபிள், ஏதோ ரோஜாப்பூ படம். சென்ட் பாட்டில்! மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில் கரையும், ஆல்கஹாலில் கரையும், வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால்தான் உண்மையான ஸ்பிரேயில் மிளகாயிலிருந்து எடுத்த பிசின் போன்ற சாற்றை வேறு திரவத்தில் கரைத்து, வாயு அழுத்தத்தோடு அடைக்கிறார்கள். தூளைத் தண்ணீரில் கலக்கினால் கசடு போய் மூக்கை அடைக்கும். இங்கேயும் அதுதான் நடந்தது.

டார்ச்சின் மேல் ‘20 மில்லியன் வோல்ட்’ என்று போட்டிருந்தது. அக்கா மகன் சார்ஜ்மேன், அதாவது மின்சார வேலை பார்ப்பவன். எழுத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான். காய்ந்த காற்றில் ஒரு சென்டிமீட்டர் தூரம் பொறி பாய ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டுமாம். அப்படியென்றால் 20 மில்லியன் வோல்ட் ஆறு மீட்டருக்கு மேல் பாய வேண்டும். “சின்னம்மா, இது உண்மையா இருந்தா அன்னைக்கு மண்டபத்துல முதல் வரிசை காலி” என்றான். பாய்ந்ததோ விரல் நகம் அகலம். அதுவும் இரண்டாம் முறை சார்ஜ் போட்ட பிறகு செத்துவிட்டது. அலாரத்தில் 130 டெசிபல் என்று போட்டிருந்தது. இழுத்துப் பார்த்தால் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பொம்மை கார் சத்தம். நாலு வீடு தள்ளி இருப்பவர் டிவியைக்கூட நிறுத்தவில்லை.

சரி, மட்டமான சாமான், ஏமாந்தோம் என்று விட்டிருப்போம். மகள் அந்தப் பூனைச் சாவிக்கொத்தையும் டார்ச்சையும் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். கம்பெனி கேட்டில் பையைச் சோதித்த காவலாளி இரண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். அவள் பெர்மிட் கார்டைக் காட்டியிருக்கிறாள். அதுதான் வினை. சும்மா சாமான் மட்டும் என்றால் பறித்துக்கொண்டு விட்டிருப்பார்களாம். போலீஸ் சின்னம் போட்ட கார்டைப் பார்த்ததும் மேலே தகவல் போய், மறுநாள் அவளுக்கு விளக்கம் கேட்டு ஷோ காஸ் கடிதம். ஏழு வருஷமாக ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் வேலை செய்யும் பிள்ளை.

கார்டை எடுத்துக்கொண்டு நான் போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த சார்ஜன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மக்சிக், இத நாங்க கொடுக்கல. இப்படி ஒரு கார்டே கிடையாது” என்றார் மலாயில். நாற்காலி போட்டு உட்காரவைத்து அவர் விளக்கியது நமக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

1958-ஆம் ஆண்டிலேயே, அவசரகாலம் நடப்பில் இருந்தபோதே வந்த ஒரு சட்டம் இருக்கிறது. அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதம் மூன்றையும் பற்றியது. அதன் 6-ஆவது பிரிவுப்படி, சட்டத்துக்கு உட்பட்ட காரணம் இல்லாமல் பொது இடத்தில் தாக்கும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு போனால் குறைந்தது 5 வருஷம், கூடினால் 10 வருஷம் சிறை; பிரம்படியும் உண்டு. ஆயுதம் என்றால் துப்பாக்கி, வாள் என்று நினைக்காதீர்கள். தாக்கினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் மாட்டலாம். விரலில் மாட்டிக் குத்துகிற மாதிரி செய்த இரும்புப் பூனை, பூனை இல்லை. மிளகாய் ஸ்பிரே, ஷாக் டார்ச் இரண்டும் பொதுமக்கள் பையில் போட்டுக்கொண்டு போகிற பொருள் இல்லை, பிடிபட்டால் கேஸ் என்றார்.

“அப்ப தோட்டத்துக்காரங்க பாராங்கத் தூக்கிக்கிட்டு மோட்டார்ல போறாங்களே?” என்று கேட்டேன். “செம்பனை ஓலை வெட்டப் போறவர் கையில பாராங் இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. அதே பாராங்க ராத்திரி பத்து மணிக்கு மாமாக் கடை வாசல்ல காடி சீட்டுக்கு அடியில பார்த்தா நான் என்ன காரணம்னு எழுதறது?” என்றார். தற்காப்புக்கு வைத்திருந்தேன் என்றால்? ஆயுதம் என்றுதான் வைத்திருந்தேன் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் போலிருக்கிறது.

அந்த விற்பனைக்காரர் மண்டபத்தில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். “தண்டனைச் சட்டத்துலயே தற்காப்பு உரிமை இருக்கு, அதனால நீங்க என்ன வேணும்னாலும் வெச்சுக்கலாம்” என்று. இதில் முதல் பாதி உண்மை என்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை தற்காப்பு உரிமையைப் பற்றித்தான். யாராவது பாய்ந்து வந்தால் கையில் கிடைத்த குடையாலோ செருப்பாலோ அடித்துத் தப்பலாம். அதுவும் தேவைக்கு மேல் போகக் கூடாது என்று 99-ஆவது பிரிவு கட்டுப்போடுகிறது. அது தாக்கப்படும் நேரத்துக்கான உரிமை. நாள் முழுக்க ஆயுதத்தோடு நடமாட அது லைசென்ஸ் இல்லை. பாதி உண்மையைச் சொல்லிப் பொய்யை விற்பவரிடம்தான் நம் ஜனங்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில், “கம்பெனிக்கு அனுப்பி மாத்தித் தரேன்க்கா, போஸ்ட் செலவு மட்டும் உங்களது.” அப்புறம், “பில்லுலயே போட்டிருக்கே, விற்ற பொருள் திருப்பி எடுக்க மாட்டோம்னு.” அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரே டிக். பில்லில் இருந்த முகவரிக்கு நாத்தனார் மகன் போய்ப் பார்த்தான். மூடிக் கிடக்கும் கார் கழுவும் கடை. எஸ்.எஸ்.எம். (கம்பெனிப் பதிவு ஆணையம்) பதிவு எண் என்று பில்லில் எதுவுமே இல்லை.

கோயில் கமிட்டியைத் திட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. அவர்களும் நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். ஆனாலும் மைக்கைக் கொடுத்தவர்கள், “உங்கள் ஏ.ஜே.எல். எண் என்ன?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நேரடி விற்பனைக்கு 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். அந்த எண் ஏ.ஜே.எல். என்று தொடங்கும். வீடு வீடாக வந்து 300 வெள்ளிக்கோ அதற்கு மேலேயோ விற்றால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், மனம் மாறினால் ரத்து செய்யப் பத்து வேலை நாள் அவகாசமும் உண்டு. இவர் விலையை 280-இல் ஏன் நிறுத்தினார் என்று இப்போது புரிகிறது. ஆளைச் சேர்த்தால் மீதிக் கட்ட வேண்டாம் என்ற திட்டத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்று உள்நாட்டு வாணிப அமைச்சின் அதிகாரியும் சொன்னார்.

பில்லில் ‘திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கும் உரிமையை ஒரு ரப்பர் ஸ்டாம்பால் பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வைக்க வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் சில பேர் போட்டிருக்கிறோம். ஆளைக் கண்டுபிடித்து நோட்டீஸ் கொடுப்பதுதான் தலைவலி. எனவே போலீஸ் ரிப்போர்ட்டும் அவசியம். நாத்தனார் போல ஆன்லைனில் காசு அனுப்பியவர்கள் அனுப்பிய சூட்டோடு மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழைத்திருந்தால் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்குமாம். காசு அனுப்பும் முன் போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்க்கலாம், இலவசம்தான். அவர் கொடுத்தது தனியாள் பெயரில் உள்ள கணக்கு, கம்பெனி பெயரில் இல்லை.

மகள் இப்போது என்ன எடுத்துப்போகிறாள் என்று கேட்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் வாங்கிய சாதா டார்ச், ஒரு விசில், அப்புறம் போன். பல போன்களில் பவர் பட்டனைத் தொடர்ந்து ஐந்து தடவை அழுத்தினால் அவசர அழைப்பு போகும்; செட்டிங்கில் போய் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், சிலவற்றில் ஆஃபில் இருக்கிறது. அலாரம் வேண்டுமென்றால் கடையில் வாங்கலாம், அதில் சட்டப் பிரச்சினை இல்லை. ஆனால் கடையிலேயே பின்னை இழுத்து, சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டு வாங்குங்கள், பேட்டரி மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். பையை ரோட்டுப் பக்கம் தொங்கவிடாமல் உள்பக்கத் தோளில் போடுவது, இழுத்தால் விட்டுவிடுவது, இதெல்லாம் காசில்லாத விஷயம். உருப்படியாக நடந்தது வேறொன்று: எங்கள் தாமான் பெண்கள் சேர்ந்து கம்பெனியில் பேசி, பஸ் நிறுத்தத்தை முச்சந்தியிலிருந்து விளக்கு எரியும் பெட்ரோல் நிலையத்துக்கு மாற்ற வைத்தார்கள்.

ஷோ காஸ் கடிதத்துக்குப் போலீஸ் ரிப்போர்ட்டின் நகலை வைத்துப் பதில் கொடுத்தோம். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். நாத்தனார் இன்னும் இரண்டாவது பெட்டியை யாரிடமாவது தள்ள முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் போலீஸில் ஒப்படைத்துவிட்டாள்.

இந்தச் செட் உங்களிடம் இருந்தால் அந்தக் கார்டை யாரிடமும் காட்டாதீர்கள். சாமானைப் பையில் போட்டுக்கொண்டும் அலையாதீர்கள். முதலில் ஸ்டேசனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டுவிட்டுப் போய் ரிப்போர்ட் செய்யுங்கள். பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். சுங்கைப் பட்டாணி பக்கம் அதே ஆள் வேறு பெயரில் வந்திருப்பதாக ஒரு தோழி படம் அனுப்பியிருக்கிறாள். அதே டேக், அதே பூனை. பெட்டி மட்டும் சிவப்பு. விலை 295 வெள்ளி.