ஒரே கவசம், இரண்டு பையன்கள்: குன்னத்தூர் சத்திரத் தையல் கடை

எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஜப்பான் இளவரசர் மொரியோஷியின் கதையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நாடகமாகப் போட்டோம். வரலாறு எடுக்கிற நான்தான் எழுதினேன். உடைக்காக முதலில் போன வாடகைக் கடையில் கட்டபொம்மன் உடையை எடுத்து நீட்டி, "ராஜா டிரெஸ்தானே டீச்சர்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் மதுரைப் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவந்த தையல் கடைகளில் ஒன்றுக்குப் போனேன். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம் என்கிற குட்டைக் கால்சட்டையும் கச்சையும் தைக்கிற கடை. பாய் கேட்ட முதல் கேள்வியே, "ஒரு இளவரசருக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு செட்டு?"

கதையைச் சொன்னேன். மொரியோஷி 1308இல் பிறந்தவர், பேரரசர் கோ-தைகோவின் மகன். துறவியாகி, இருபது வயதுவாக்கில் ஹியேய் மலை மடத்துக்கே தலைவரானார். காமகுராவின் போர்வீரர் ஆட்சியை அப்பா எதிர்த்தபோது காவியை விட்டு வாளை எடுத்தார். 1333இல் யோஷினோ மலையில் எதிரிகள் சூழ்ந்துகொண்டார்கள். தைஹெய்கி என்ற பழைய போர்க்கதையில், அவர் செஞ்சரிகைப் பட்டின் மேல் செந்நூல் கோத்த கவசம் போட்டிருக்கிறார். அதில் ஏழு அம்புகள் தைத்து நிற்கின்றன. முரகாமி யோஷிதெரு என்ற வீரர் அந்தக் கவசத்தையும் பட்டு உடையையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வாயில் மாடத்தில் ஏறி, "நான்தான் இளவரசர்" என்று கூவி உயிரை விடுகிறார். இளவரசர் தப்பிக்கிறார்.

பாய் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அப்ப ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும்" என்றார். இருந்தது. உள்ளே கேன்வாஸ், மேலே சிவப்பு சாட்டின் பட்டைகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்படி பதினோரு வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் சிவப்புக் கயிற்றைக் கையால் கோத்திருந்தார். முரகாமியாக நடித்த பையன் நல்ல குண்டு. அவனுக்குப் பட்டையைத்தான் அகலமாக்கினாரே தவிர வரிசையைக் கூட்டவில்லை. அம்புக் குச்சி செருக இரண்டிலும் ஒரே இடத்தில் ஏழு காதுகள். ஹகாமா என்கிற கால்சட்டையைச் சல்லடத்து வெட்டிலேயே கொஞ்சம் அகலமாக முடித்துவிட்டார்.

குறை இல்லாமல் இல்லை. முதுகில் கொக்கி வைத்திருந்தார். ஒத்திகையில் மாட்டவே நேரம் போனது. திரும்பக் கொண்டுபோனேன், காசு வாங்காமல் வெல்க்ரோ வைத்துக் கொடுத்தார். துறவி அங்கியின் கீழ் மடிப்பு மட்டும் கோணல்தான். ஒரு கவசச் செட் 1,400 ரூபாய், அங்கி 450. உழைப்புக்கு நியாயமான விலை.

பாக்கிப் பணம் கொடுக்கப் போனபோது, "அந்தப் புள்ள பெறகு என்ன ஆனாரு?" என்று கேட்டார். அதே 1333இல் ஷோகன் என்கிற படைத்தலைவர் பட்டம் கிடைத்ததையும், இன்னொரு தளபதியான ஆஷிகாகா தகாவுஜியோடு பகை முற்றி மறு ஆண்டே பிடிபட்டதையும், 1335இல் காமகுராவில் காவலிலேயே கொல்லப்பட்டதையும் சொன்னேன். பாய் மிஷினை நிறுத்திவிட்டார். "கவசம் வாங்கிப் போட்டவரு பேரு என்ன சொன்னீங்க?" என்றார். சொன்னேன், ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

நாடக உடை தைக்க நினைக்கிறவர்கள் மாசிக்குள் போய்விடுங்கள். பங்குனி பிறந்தால் அழகர் உடை வேலை குவிந்துவிடும். அளவு எடுக்கக்கூட நேரம் இருக்காது. படம் இருந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள், போனில் காட்டினால் அவருக்குக் கண் தெரிவதில்லை.