கிராம்புத் தைலமா, டீ ட்ரீ ஆயிலா?

பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளுகோனசோல் மாத்திரையை வேளை தவறாமல் போட்டும் வாயில் கேண்டிடா பூஞ்சையின் வெள்ளைப் படலம் போகவில்லை என்றால், யாராவது ஒருவர் கிராம்புத் தைலம், டீ ட்ரீ ஆயில் (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலை எண்ணெய்) என்று எண்ணெய்ப் பேச்சை எடுத்துவிடுவார். அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. கேண்டிடா பூஞ்சையின் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் உருவாகாமல் ஃப்ளுகோனசோல் தடுக்கிறது. மருந்துக்குப் பழகிவிட்ட பூஞ்சை, அதை வெளியே தள்ளியோ, மருந்து ஒட்டும் நொதியை மாற்றிக்கொண்டோ தப்பிக்கிறது. எண்ணெய்கள் சவ்வையே நேராகக் குலைப்பவை. அதனால் மருந்துக்கு மசியாத பூஞ்சையும் ஆய்வகத் தட்டில் இவற்றுக்கு மசிகிறது.

தட்டில் மட்டும் பார்த்தால் கிராம்புக்கும் ஓம எண்ணெய்க்கும்தான் என் ஓட்டு. பூஞ்சையைத் தாக்கும் பொருள் முன்னதில் யூஜினால், பின்னதில் தைமால். பெரும்பாலும் டீ ட்ரீயைவிடக் குறைந்த அளவிலேயே பூஞ்சை வளர்ச்சி நின்றுவிடும். ஆனால் பல்வலிக்குப் பஞ்சில் தொட்டு வைத்த கிராம்புத் தைலம் நாக்கில் பட்டிருக்கிறதா? முதலில் சுரீரென எரியும், அப்புறம் மரத்துப்போகும். பூஞ்சையின் சவ்வைக் கெடுப்பது நம் வாயின் மென்தோலை மட்டும் விட்டுவைக்குமா என்ன?

டீ ட்ரீக்கு மனிதர்களிடம் பார்த்த ஆதாரம் கொஞ்சம் உண்டு. 1998இல் வெளியான ஆய்வில், ஃப்ளுகோனசோல் கேட்காத வாய்த் தொற்றுள்ள எய்ட்ஸ் நோயாளிகள் அதன் கரைசலைக் கொப்பளித்துத் துப்பினார்கள். 4 வாரத்தில் 12 பேரில் 2 பேருக்குக் குணம், 6 பேருக்கு முன்னேற்றம். சின்ன ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை; ஆனாலும் வாய்க்கு என்றால் இதையே முன்னால் வைப்பேன். அதுவும் டாக்டரைக் கேட்டு, வாய்க்கென்றே தயாரித்த கரைசல் மட்டும். பாட்டில் எண்ணெயை விழுங்கினால் மயக்கம், தள்ளாட்டம் வரை போகும். திறந்து நாளான பாட்டில் ஒவ்வாமையைக் கிளப்பும்.

பெண்ணுறுப்பில் வரும் பிடிவாதத் தொற்றுக்கு இரண்டுமே வேண்டாம். அங்கே டாக்டர்கள் எழுதித் தருவது 600 மி.கி. போரிக் அமிலக் குளிகை, தினம் ஒன்று, உள்ளே வைக்க, 3 வாரம். விழுங்கினால் விஷம், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. ரத்தத்தில் இறங்கிய கேண்டிடாவுக்கு டிரிப்ஸில் ஏற்றும் மருந்துதான், எண்ணெய்ப் பேச்சே கிடையாது.

எதை எடுப்பதற்கு முன்னும், எந்த வகைப் பூஞ்சை என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் கேளுங்கள். ரிப்போர்ட்டில் கேண்டிடா குருசெய் என்று வந்தால், அது பிறவியிலேயே ஃப்ளுகோனசோலுக்கு அடங்காத வகை. டோஸைக் கூட்டியும் பயனில்லை.